நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி வாசித்து முடித்தபோது, வேறு யாருடைய மனுவோ மாறி வந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆற்றோரச் சதுப்பைத் தூர்த்துக் கிடங்கு கட்ட, கரை விவசாயிகளாகிய எங்களுக்கு முழுச் சம்மதம் என்றது அது.

எழுந்து போய், இது எங்களுடையது இல்லை என்றாள். அதிகாரி மனுவோடு கோத்திருந்த தாள்களைப் புரட்டிக் காட்டினார்.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. எல்லாம் அவளுக்குத் தெரிந்த கைகள்.



நான்கு வருஷம் ஒன்றாக நின்றவர்கள். கரையிலிருந்து நூறு அடிக்குள் மருந்து தெளிப்பதில்லை என்று முடிவெடுத்த முதல் போகத்தில் பாதி விளைச்சல்கூடத் தேறவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்போதும் ஒருவர் பின்வாங்கவில்லை. பூச்சிகளைத் தின்பதற்கு வயலில் வாத்துகளை விட்டார்கள். முறைவைத்து நாணல் நட்டார்கள். மூன்றாம் வருஷம் சதுப்புக்கு மீன் திரும்பியது. அடுத்து நாரை வந்தது. முதல் நாரையைக் கண்டதும் டிராக்டர்காரர், சம்பந்தி வந்துவிட்டதுபோல எழுந்து நின்றார்.

அவர் கையெழுத்தும் இருந்தது, கோணலாக.

இத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டு தன்னிடம் மட்டும் மறைத்துவிட்டார்களா? ஒருவருக்காவது தன் கண்ணைப் பார்க்க முகம் இருக்கிறதா என்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீன்காரர் எழுந்தார். லேசில் எதிலும் கையெழுத்துப் போடாத மனுஷன். அவர் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் வாங்கியிருந்தாள்.

“நீ வந்து கேட்டதாலதானேம்மா போட்டேன்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளே வீடு வீடாகக் கொண்டுபோன தாள்கள்.

கரை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அவளுடைய அண்ணன். சதுப்பைக் காப்பாற்றச் சொல்லி மனுவை நான் டைப் செய்து மேலே கோத்துக்கொள்கிறேன், நீ கையெழுத்தை மட்டும் வாங்கு, உன் முகத்துக்காகப் போடுவார்கள் என்றிருந்தான்.

போட்டார்கள்.

முன்வரிசையில், கிடங்குக் கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“மனுவைக் காட்டாம கையெழுத்து வாங்கினது நான்தான் சார். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இது செல்லாது.”

அதை எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. எழுதித் தந்தாள். எப்படி வாங்கினாள் என்று மட்டும் எழுதினாள், யார் சொல்லி வாங்கினாள் என்பதை எழுதக் கை வரவில்லை.

மனு தள்ளுபடியானது. சதுப்பு தப்பித்தது.

அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரும் அவளைக் கடந்து வெளியே போனார்கள். டிராக்டர்காரரும் போனார்.

கூடம் காலியான பிறகு, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டு அந்தத் தாள்களை வாங்கினாள். முதல் பெயர் அவளுடையது. அங்கிருந்து விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கடைசிவரை தேடினாள்.

அண்ணன் கையெழுத்து மட்டும் அதில் இல்லை.