குவாந்தான் நண்டு

கிள்ளானின் ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில், சன்னல் கம்பிகளின் நிழலைச் சாப்பாட்டு மேசைமேல் கோடு கோடாய்ப் போட்டிருக்கிறது. மேசையில் வாழையிலைகள். நடுவே நண்டுக் கறிச் சட்டி; சிவந்த எண்ணெய் ஓரத்தில் மின்னுகிறது. ஊர் ஊராக லோரி ஓட்டும் குகனுக்கு ஒரு பழக்கம். எந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்தாலும் வேறொரு சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவான். மனைவி பூங்கோதை தோசை சுட்டால் ஈப்போ தோசைக் கதை வரும். மீன் வைத்தால் மூவார் மீன் கதை வரும். அதிலும் குவாந்தான் ஊர்க் கடை நண்டு இருக்கிறதே, அது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கண்ணால் பார்க்காத சக்களத்தி. காலையில் பாசாருக்குப் போய் ஒவ்வொரு நண்டாய்த் தூக்கிப் பார்த்து வாங்கியவள், இப்போது கரண்டியும் கையுமாக அந்தக் கதைக்குக் காத்து நிற்கிறாள். குகன் கொடுக்கைக் கடிக்கிறான். ஓடு 'டக்'கென்று உடைகிறது. மணிக்கட்டுவரை வழிகிற குழம்பை நக்குகிறான். காற்றாடி கடகடக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கொமுட்டர் ரயில் போகிறது, அவனிடமிருந்து மட்டும் பேச்சில்லை. மூக்கு நுனியில் வேர்வைத் துளி தொங்குகிறது. அதைத் துடைக்கவும் அவனுக்கு நேரமில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி வாசுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னா மச்சான், சத்தத்தையே காணோம்? அந்தக் குவாந்தான் நண்டு கதைய எடுத்து விடு லா."

குகன் தலை நிமிரவில்லை. "எந்த நண்டு?" என்கிறான்.

பூங்கோதை சட்டியைத் துழாவுகிறாள். இருப்பதிலேயே பெரிய கொடுக்கை எடுத்து, குவாந்தான் கதையைக் கேட்டு இந்தப் பதிலை வரவழைத்த புண்ணியவான் வாசுவின் இலையில் வைக்கிறாள்.