பாதிக்குப் பாதி தண்ணீர்

“எங்க அடுக்குமாடியில என்னம்மா குறை?” என்று சித்தப்பா அன்று இரவு என்னைக் கேட்டார். அவர் போன மாதம்தான் குழந்தைகளோடு அங்கே குடியேறியிருந்தார். அவருடைய எதிர்வீட்டை நான் வாங்கவே கூடாது என்று மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அப்பா காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

“எனக்கென்ன தெரியும் சித்தப்பா? அப்பாவையே கேளுங்க.”

“ஏண்ணே, பொண்ணோட ஆசையில மண்ணை அள்ளிப் போடுறீங்க?”

“மண்ணுதான்டா பிரச்சினை! மண்ணுக்கு நடுவுல தண்ணியும் காத்தும் இருக்கும். அங்க பாதிக்குப் பாதி தண்ணி. பாரம் ஏற ஏற அது கசிஞ்சு வெளியேறும், கட்டடம் கீழ இறங்கும்.”

“சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க. மண் பரிசோதனையில தண்ணி கம்மின்னுதானே வந்துச்சு?”

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“கம்மியாத்தான்டா வரும்! பில்டர் சொன்னான்னு அந்த மண்ணை மொட்டைமாடி வெயில்ல நல்லாக் காயவச்சு, அப்புறம்தானே நான் எடையே போட்டேன்!”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“சித்தப்பா வாங்கும்போது ஏன்ப்பா வாயைத் திறக்கல? அங்க குழந்தைங்க தூங்குதுங்கப்பா!” என்று கத்தினேன். அப்பாவிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.



சித்தப்பா அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.