முழங்காலுக்கு ஒரு கேபிள்

கண்டக்டரின் இடது முழங்காலுக்குள் கேமரா இருந்தது. அது பிடிக்கிற படத்தைக் காட்ட வேண்டிய திரைதான் செத்துப்போய்விட்டது.

ஒரு முனகல்கூட இல்லை. ஆபரேஷன் பாதியில் இருக்கும்போது பட்டென்று கறுத்துவிட்டது.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்ததால், கண்டக்டர் முழு விழிப்பில் மல்லாந்து கிடந்தார். முப்பத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே பேசியவர், ஓய்வுபெற்றபின் உட்கார்ந்து பேசியவர், இப்போது படுத்துக்கொண்டும் பேசினார்.

டாக்டர்தான் பேச்சை நிறுத்திவிட்டார். பத்து நிமிஷத்தில் படம் வராவிட்டால் கேமராக் குழாயை உருவி, முழங்காலில் போட்ட துளைகளைத் தைத்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதுதான் என்று பெரிய நர்ஸிடம் கிசுகிசுத்தார். அது கண்டக்டர் காதில் தெளிவாக விழுந்தது.

இன்னொரு நாள் என்றால் இன்னொரு ஊசி. முதுகுப் பக்கம் போட்ட அந்த ஊசியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் குடைக்கம்பிக்கு ஒரு விரற்கடைகூடக் குறையாது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

காத்திருப்போர் அறையிலிருந்த டிவியைச் சக்கர ஸ்டாண்டோடு உருட்டிக்கொண்டு வந்தார்கள். கேமரா பெட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினார்கள்.

நீலத் திரை. நடுவில், சிக்னல் இல்லை.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமே என்றார் கண்டக்டர்.

நான் பார்க்கட்டுமா என்று கதவருகில் ஒரு பெண்குரல் கேட்டது.

பச்சை அங்கி, பச்சைத் தொப்பி. அந்த அறையில் எல்லோருக்கும் அதே உடுப்புதான், கண்டக்டர் உட்பட. புறங்கையில் பிளாஸ்திரி. வேலையில் கம்பி கிழித்திருக்கும். ஆஸ்பத்திரி மெக்கானிக்தான் என்று கண்டக்டர் முடிவு கட்டினார்.

பெரிய நர்ஸ் தடுப்பதுபோல் கையை நீட்டினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் மேஜைப் பக்கம் மட்டும் வராமல் பாரம்மா என்று அவளிடம் சொன்னார்.

அதன்பிறகு அங்கே நடந்ததைக் கண்டக்டர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

அவள் ரிமோட்டைத் தொடவே இல்லை. முதலில் கேபிளின் இரண்டு முனைகளையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையில் தகரம் நசுங்கியிருந்தது. அதை உருவி ஓரமாகப் போட்டாள். டிவி ஸ்டாண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்த செட்டாப் பாக்ஸிலிருந்து நல்ல கேபிளைக் கழற்றினாள்.

டிவிக்குப் பின்னால் இருட்டு. அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் அகலம், எந்தப் பக்கம் குறுகல் என்று கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தாள். முட்டவில்லை, திருகவில்லை. வாசலில் நின்ற விருந்தாளி உள்ளே வருவதுபோல் கேபிள் தானாக உள்ளே போனது.

எல்லாம் வலது கையாலேயே. இடது கையை மடக்கி இடுப்போடு வைத்திருந்தாள். இந்தச் சின்ன வேலைக்கு ஒரு கை போதாதா என்ற தெனாவட்டு அது என்று கண்டக்டர் பூரித்துப்போனார்.

கடைசியில்தான் ரிமோட். முதல் இணைப்பு, நீலம். இரண்டாவது, நீலம். மூன்றாவது.

கண்டக்டரின் முழங்கால் எழுந்தருளியது. வெள்ளை வெளேரென்று, பனிமலையும் பள்ளத்தாக்குமாக, திரை கொள்ளாமல். தன் கால் இவ்வளவு அழகு என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் குனிந்தார். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவள் கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அறையே மூச்சை நிறுத்தியது. கண்டக்டரும் நிறுத்தினார், பேச்சையும் சேர்த்து.

மறுபடி சொருகினாள். மலை வந்தது. கேபிளின் அடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மலை அசையவில்லை. பேண்டேஜ் துணி கேட்டு வாங்கி, ஒரு முனையை நர்ஸைப் பிடிக்கச் சொல்லி, கேபிளை ஸ்டாண்டின் காலோடு கட்டினாள். டிவி தானாக அணைகிற ஏற்பாட்டைத் தேடிப் பிடித்து ரத்து செய்தாள். பின்பக்கம் யாரும் நடக்கக் கூடாது என்று டாக்டர் உட்பட எல்லோருக்கும் உத்தரவு போட்டாள்.

பாலம் கட்டுகிறவர்கள்கூட இத்தனை சோதனை செய்து கண்டக்டர் கேள்விப்பட்டதில்லை.

"ஏம்மா, என் முட்டிக்கு இவ்வளவு மரியாதைய என் வீட்டுக்காரிகூடக் குடுத்ததில்ல" என்றார். அவள் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. படம் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது, பெரிய டாக்டரைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று கண்டக்டர் தள்ளுகிறவர்களிடம் சபதம் செய்துகொண்டே வந்தார்.

கதவைத் தாண்டியதும் இன்னொரு தள்ளுவண்டி, உள்ளே போகத் தயாராக நின்றது. அதில் அவள் படுத்திருந்தாள். மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை. புறங்கையில் பிளாஸ்திரி பிரிந்திருந்தது. அடியிலிருந்த ஊசிக்குழாயில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இடது தோளில் பேனாவால் ஒரு பெரிய அம்புக்குறி.

கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். நீ இங்கே வேலை பார்ப்பவள் இல்லையா என்று கேட்டார்.

கடைவீதியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். கதவு திறந்தது. அவளுடைய வண்டி நகர்ந்தது.

"எனக்கு முழு மயக்கம் சார். பாதியில படம் போச்சுன்னா நானா எழுந்து பாக்க முடியும்?"