கட்டைவிரல்

கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடும் தஸ்தகீர், தன் குதிரை மைனாவின் முதுகுவலிக்கு ஐந்தாவது ஆளைத் தேடி, அதை அதிகாலையிலிருந்து நடத்தியே கூட்டி வந்திருந்தார். மூன்று மாதமாகச் சவாரி இல்லை. மாட்டு டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். எலும்பு வைத்தியர் ஏதோ எண்ணெய் பூசிவிட்டு, நமக்கு மனுஷங்கதான் பழக்கம் என்றார். லாடம் அடிப்பவர் குளம்பைக் குறை சொன்னார்; சேணம் தைப்பவர் பழைய சேணத்தை. எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: எங்கே வலி? சேணம் உட்காரும் இடத்தில் தஸ்தகீர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவார். மைனா முதுகைத் தாழ்த்தி நடுங்கும். வீட்டிலும் தினமும் காலையில், குறைந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வார்.

இந்த டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. “பாய், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்து வால்வரை விரல்விரலாக அழுத்திக்கொண்டே போனார். அந்த இடமும் வந்தது. மைனா தன்பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தது.

“அங்கதாம்மா. நல்லா அழுத்துங்க.”

“நல்லாத்தான் அழுத்துறேன். இது ஆறி ரொம்ப நாளாச்சு பாய்.”

தஸ்தகீருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. “இல்லம்மா, இங்க பாருங்க” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். விரல் இன்னும் தொடவில்லை. நடுவே ஒரு சாண் இருந்தது. மைனா மெல்வதை நிறுத்திவிட்டு முதுகைத் தாழ்த்தியது.