மீன்கள் வராத கடல்

நாலு மணிக்கு என்று சொன்ன பிறந்தநாள். மணி ஐந்தாகப் போகிறது, ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

குண்டசாலை வாடகை வீட்டின் முன்னறை முழுவதும் கடலாக இருந்தது. பத்மாதேவியின் மூன்று நீல நைலக்ஸ் சேலைகள் சுவரில் அலையடித்தன, பலூனில் செய்த பேய்க்கணவாய் ஒன்று எட்டுக் கால்களோடு விளக்கில் தொங்கியது. கேக்கும் படகுதான்.

தரையில் பிரிஸ்டல் மட்டையில் வெட்டிய ஒன்பது மீன்கள். எட்டு மீன்களில் அயல் பிள்ளைகளின் பெயர்கள் சிங்களத்திலும், ஒன்றில் தமிழிலும் எழுதியிருந்தன. காந்தத் தூண்டில் போட்டுத் தன் பெயர் மீனைப் பிடிக்கிற பிள்ளைக்குப் பரிசு. ஒரு கிழமையாக அவள் கத்தரிக்கோலும் கையுமாகத்தான் திரிந்தாள்.

“அம்மா, ஒருத்தரும் வரமாட்டினமோ?” என்று கேட்டாள் நிரோஜினி. இன்றோடு அவளுக்கு ஏழு வயது.

“வருவினம் பிள்ளை.” சொன்னவளுக்கே நம்பிக்கை இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கணவன் யோகேந்திரனுக்குக் கண்டி அரசாங்கக் கச்சேரியில் வேலை மாற்றம் கிடைத்து, இங்கே குடிவந்து எட்டு மாதம்தான். அயலில் தமிழ் பேசுகிறவள் சந்திக்கடை ரபீகா ஒருத்தி. மற்ற எட்டு வீட்டுக்கும் சொல்லச் சிங்களம் வேண்டுமே! யோகேந்திரன்தான் பாடம் நடத்தினான்.

“பரிசுக்குச் சிங்களத்தில ‘தேகி’. ‘தேகி கேண்ட எபா’ எண்டு சொல்லு. பரிசு ஒண்டும் கொண்டு வரவேண்டாம் எண்டு அர்த்தம். பாவங்கள், அண்டாடம் உழைச்சுச் சாப்பிடுற சனம்.”

கடைக்குப் போகிற பிள்ளை சாமான் பெயரை முணுமுணுப்பதுபோல முணுமுணுத்துக்கொண்டே அவள் புறப்பட்டாள். முதல் வீட்டுப் படலையிலேயே ‘தேகி’ மறந்துபோயிற்று. போனால் போகட்டும், மிச்சம் இருக்கிறதே என்று எட்டு வாசலிலும் வாய் நிறையச் சிரிப்போடு ஒப்பித்தாள்.

“செனசுராதா துவகே உப்பன் தினே. எண்ட எபா!”

சனிக்கிழமை மகளின் பிறந்தநாள் என்றதும் மலர்ந்த முகங்கள், அடுத்த நொடியே ஏனோ சுருங்கின. பக்கத்து வீட்டுக் குசுமாவதி “ஹரி, ஹரி” என்று, சரி சரி என்பதுபோல, தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது பத்மாதேவிக்குக் காரணம் விளங்கியது. போன கிழமைதான் போர்முனையிலிருந்து ஒரு சவப்பெட்டி இந்த ஒழுங்கைக்கு வந்தது. கட்டிய வெள்ளைக் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அந்தப் பழியை ஏழு வயதுக் குழந்தையின் தலையிலா போடுவது?

“அம்மா, நில்மினி!” என்று துள்ளினாள் நிரோஜினி.

வேலிக்கு வெளியே குசுமாவதியின் மகள் நில்மினி நின்றாள். வெள்ளைச் சட்டை, சப்பாத்து, தலையில் புது றிபன். பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள். எல்லோரும் பலூன் கணவாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள்! பத்மாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதுகளோட இனிச் சேராதை. அதுகளுக்கு எங்களைக் கண்ணிலயும் காட்டேலாது.”

யன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்துகிற நேரத்தில் நில்மினி கையசைக்க முயன்றதைக் கண்டாள். நெஞ்சுக்குள் என்னவோ கூசியது.

ஆனால் வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். குனிந்து, நில்மினியின் பெயர் எழுதிய மீனை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அடுத்த மீனையும் கிழித்தாள். நிரோஜினி விம்மத் தொடங்கினாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் இப்படி நடந்துகொள்கிறோமே என்று உடம்பெல்லாம் குன்றிப்போனது, கை மட்டும் நிற்கவில்லை.

எட்டாவது மீனும் கிழிந்தபோது வாசலில் ரபீகா வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி மகள் கைரியா.

“அஸர் தொழுதுட்டு வெளிக்கிடக் கொஞ்சம் சுணங்கிட்டு, தங்கச்சி. அதென்ன, புள்ளைகள் நல்ல உடுப்பு உடுத்துக்கிட்டு வேலியில நிக்கிதுகள்? உள்ளுக்குக் கூப்புடல்லையா?”

“கூப்பிடாமலோ?” பத்மாதேவி நிமிர்ந்தாள். “வீடு வீடாய் ஏறி இறங்கினனான் அக்கா. பரிசு வேண்டாம் எண்டுகூட அவையின்ர பாசையிலயே சொன்னனான். ஒருத்தரும் வரேல்லை. எனக்கு மானமே போச்சு.”

“அவங்க பாசையிலயா? என்னண்டு சொன்னீங்க?”

“‘எண்ட எபா’ எண்டு. எட்டு வீட்டிலயும் ஒரு பிழையில்லாமல் சொன்னனான்.”

ரபீகா தரையில் கிடந்த கிழிந்த மீன்களைப் பார்த்தாள். சாத்தியிருந்த யன்னலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“‘கேண்ட எபா’ண்டாத்தான் ‘கொண்டு வராதீங்க’. ‘எண்ட எபா’ண்டா ‘வராதீங்க’ண்டு அர்த்தம், தங்கச்சி.”