பூதத்தின் வாட்ச்

ஜிஎஸ்டி ரோட்டின் ஹாரன்கள் மூடிய ஜன்னலைத் தாண்டியும் கேட்கின்றன. குரோம்பேட்டை மாடியறையில் குழந்தைகளுக்குக் கவுன்சலிங் தரும் சுஜி மேசைமேல் ஒரு காட்டின் வரைபடத்தை விரித்து, நடுவில் பகடையை வைத்திருக்கிறாள். இந்த விளையாட்டில் அசரியாவுக்கு வீரன் வேடம். வாயே திறப்பதில்லை என்று அவர் அழைத்துவந்த எட்டு வயது மகள் ஜெரூஷா, தானே கேட்டுப் பூதமாகியிருக்கிறாள். "பூதம் இப்ப என்ன பண்ணும்?" என்கிறாள் சுஜி. "முதல்ல வாட்ச்சக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வெக்கும்." சுஜிக்குச் சிரிப்பு வருகிறது. "பூதத்துக்கு எதுக்கும்மா வாட்ச்?" "அடிக்கறப்ப உடைஞ்சிடக் கூடாதுல்லக்கா." அசரியாவின் வலது மணிக்கட்டில், சிறந்த ஆசிரியர் என்று பள்ளியில் தந்த வாட்ச்சின் வாருக்கு அடியில் குப்பென்று வேர்க்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வரைபடத்தையே பார்த்தபடி, அந்தக் கையை மெல்ல மடியில் இறக்கிக் கைக்குட்டையால் மூடுகிறார். "சார், உங்க டர்ன்." இடது கையால் உருட்டுகிறார். பகடை தவறிக் கீழே விழுகிறது. எடுக்கக் குனிந்த ஜெரூஷா, மேசைக்கு அடியில் அந்தக் கைக்குட்டையைப் பார்க்கிறாள். நிமிர்ந்ததும் அப்பா பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்: "அக்கா, சும்மா சொன்னேன். பூதத்துக்கு வாட்ச்லாம் கெடையாது."