பட்டியலில் இல்லாத நோய்

"அப்படி ஒரு நோயே பட்டியல்ல இல்லைம்மா" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள் யாழிசை. ஆஸ்பத்திரி முகப்பில் பதிவு எழுதுகிற பெண். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்டாள். அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றேன். இயந்திரம் அதை ஏற்கவே இல்லை.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. வேற ஏதாவது இருக்கும்."

"எங்கக்கா எதுல செத்தான்னு எனக்குத் தெரியாதா?"

கத்திவிட்டேனே தவிர, எனக்கே குழப்பமாக இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் அக்கா மதுமிதா போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆறு மாதம் கட்டிலருகே கிடந்தது நான். அப்படியொரு நோய் எப்படி இல்லாமல் போகும்?

யாழிசை பழைய கோப்புகளில் தேடினாள். "ஆமாம்மா, இருந்திருக்கு. இப்ப எல்லாப் பிள்ளைங்களுக்கும் தடுப்பூசி போட்டுடறதால யாருக்கும் வர்றதில்ல. உங்க அக்கா காலத்துல அந்த ஊசி இல்லையா?"

"இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கே வந்து போட்டாங்க. நான்கூடப் போட்டுக்கிட்டேன்."

"அப்புறம் அவங்க?"

"அவ வயசுக்கு வந்து அன்னைக்கு மூணாவது நாள். தீட்டுன்னு அம்மா அனுப்பல. ஊசிதானே, அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க."

யாழிசை புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"தீட்டா? அது என்ன வியாதிம்மா?" என்றபடி மறுபடியும் பட்டியலில் தேட ஆரம்பித்தாள்.